கண்ணாடிக்காரருக்குக் கொடுத்த கையுறை

திங்கட்கிழமை பதினொரு மணிவாக்கில் கையுறைக் கம்பெனியின் விற்பனையாளன் ஹரிஷ்குமார் கடைக்கு வந்து, ஒரு பெரிய தாளைக் கவுன்டர்மேல் விரித்தான். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து வேதநாயகியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

எஸ்.பி. ரோட்டை ஒட்டிய குறுக்குத் தெருவில் இருந்தது அந்தக் கடை. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஹெல்மெட், பூட்ஸ், கண்ணுக்குப் போடும் கவசம், எல்லாவற்றையும்விட அதிகமாகக் கையுறைகள். முதலாளி ஆம்ப்ரோஸ் கல்லாவில் உட்காருவார். சரக்கை எடுத்துக் காட்டி விற்பது வேதநாயகி. ஆறு வருஷமாக இதே வேலை. வெல்டிங் செய்கிறவர் வந்தால் நீளமான தோல் உறை, தகடு தூக்குகிறவருக்கு உள்ளங்கையில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்தது, பேக்கிங் பெண்களுக்குப் பருத்தி, ஆசிட் என்றால் ரப்பர். அவள் படித்த பாடம் இவ்வளவுதான். அதையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஆம்ப்ரோஸ் வாடிக்கையாளர்களிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டது.

தாளின் இடது பக்கம் வரிசையாக ஆசிட்டுகள், எண்ணெய்கள், தின்னர் வகைகள். மேலே உறைகளின் பெயர்கள். நடுவில் கட்டம் கட்டமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு.

"பச்சைன்னா குடுக்கலாம் மேடம். மஞ்சள்னா கொஞ்ச நேரம் தாங்கும். சிவப்புன்னா குடுக்கவே கூடாது" என்றான் ஹரிஷ்குமார்.

வேதநாயகி எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிப்பாள். மெல்லிய ரப்பர் உறையின் கீழே இருந்த கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒரு சிவப்புக் கட்டத்தில் விரல் நின்றது.

"இது என்ன ஆசிட்டு?"

"ஹைட்ரோஃபுளோரிக். கண்ணாடியையே அரிக்கும் மேடம். கதவுக் கண்ணாடில பூ, அன்னம் எல்லாம் போடறாங்க இல்ல, அவங்க யூஸ் பண்றது."

"ஆசிட்டுக்கு ரப்பர்தானே குடுக்கிறோம்?"

"ரப்பர்னா தடிச்ச கறுப்பு, முழங்கை வரைக்கும் வரும் பாருங்க, நியோப்ரீன், அது. இந்த மெல்லிசு ஒரு சொட்டு பட்டாலே நிக்காது. சின்னக் கிழிசல் இருந்தா ஆசிட் உள்ள போயி அங்கேயே தங்கிடும். உறை போடாததைவிட மோசம். மத்த ஆசிட்னா பட்ட உடனே எரியும், கையை இழுத்துக்குவோம். இது தண்ணி கலந்ததா இருந்தா அப்ப ஒண்ணும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சிதான் வலி வரும். அதுக்குள்ள எலும்பு வரைக்கும் போயிருக்கும்."

வேதநாயகி தாளிலிருந்து கையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். இந்தத் தடித்த கறுப்பு உறையைத்தான் முதலில் கையில் எடுத்தார். தானாகவே எடுத்தார். மடக்கிப் பார்த்து, "இதுல பிரஷ்ஷு நிக்காதேம்மா. வீட்ல சின்னக் கை" என்றார்.

"என்ன வேலைக்குங்க?"

"கண்ணாடில டிசைன் போடறது. ஆசிட்டை பிரஷ்ஷால ஓரம் ஓரமா பூசணும்."

வேதநாயகிதான் அந்தக் கறுப்பு உறையை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தாள். மெல்லிய வெள்ளை உறைகள் நூறு அடங்கிய பெட்டியை எடுத்து, ஒன்றை உருவி ஊதிக் காட்டினாள். "ஆபரேஷன் பண்ற டாக்டருங்களே இதத்தான் போடறாங்க. கையில இருக்கறதே தெரியாது." அவர் முகம் மலர்ந்தது. சின்ன அளவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டபோது ஈஜிபுரா என்றார். அது ஒன்றுதான் அவரைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

"பட்டுட்டா என்ன பண்ணணும்?" என்று ஹரிஷ்குமாரிடம் கேட்டாள்.

"தண்ணில நெறைய நேரம் கழுவணும். கால்சியம் மருந்து ஏதோ போடுவாங்க. டாக்டர்கிட்ட ஆசிட் பேரைச் சொல்லணும் மேடம், அதுதான் முக்கியம். பல பேருக்குத் தெரியாது." அவன் ஒரு துண்டுச் சீட்டில் ஆசிட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தான். "ஏன், யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

அவள் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அவன் போனபிறகு ஆம்ப்ரோஸிடம் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாம கடைக்காரங்க வேதா. கேட்டதக் குடுத்தோம்."

"அவர் கேட்டது வேற சார். நான்தான் மாத்திக் குடுத்தேன்."

"மெல்லிசா வேணும்னு சொன்னாரா இல்லையா?"

"பிரஷ் நிக்காதுன்னு சொன்னாரு."

"அப்ப அதேதான். இதப் பாரு, நீயா தேடினு போய் தப்பாக் குடுத்துட்டோம்னு சொன்னா, நாளைக்கு அந்தாளு கையில கட்டோட வந்து நம்ம வாசல்ல நிப்பாரு. ஒருதரம் கோர்ட்டுக்கு அலைஞ்சவன் நான். என்னால இன்னொரு தரம் முடியாது. போன்லயாவது சொல்லலாம்னா நம்பர் கிடையாது. ஈஜிபுரா என்ன சின்ன ஊரா?"

அவர் கெட்டவர் அல்ல. அவளுடைய கணவர் பஸ் டிப்போவில் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒன்றரை மாதம் அவளை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பியவர். அதனால் அவரிடம் எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. வேலையைப் பார்க்கலாம் என்று திரும்பினாள். பீன்யாவிலிருந்து வந்தவருக்கு இடது கை உறை இரண்டை ஒரே ஜோடியாகக் கட்டிக் கொடுத்தாள். அவர் பிரித்துக் காட்டிச் சிரித்தார். அடுத்து வந்தவருக்கு எட்டாம் எண் பூட்ஸ் என்று சொல்லி ஆறாம் எண்ணை எடுத்து வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வாங்கியிருக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாள் முழுக்க வேலை நடந்திருக்கும். வீட்டில் சின்னக் கை என்றாரே, யாருடைய கை?

ஒன்றரை மணிக்குக் கறுப்பு உறைகளில் சின்ன அளவாக ஒரு ஜோடியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"போயிட்டு வந்துடறேன் சார்."

ஆம்ப்ரோஸ் அவளைப் பார்க்கவில்லை. "ஆறு மணிக்குள்ள வந்துடு. சரக்கு வருது" என்றார்.

மார்க்கெட்டில் பஸ் பிடித்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுகோடி சிக்னலில் பஸ் நகரவே இல்லை. முன்னால் ஒரு மண் லாரி குறுக்கே நின்றிருந்தது. கண்டக்டரிடம் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி, லாரியைத் தாண்டி நடந்து, முன்னால் நின்ற இன்னொரு பஸ்ஸில் ஏறினாள். அது கோரமங்களாவோடு நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தாள். இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. முடிந்த கட்டடங்களின் வாசல் கதவுகளில் கண்ணாடியும், கண்ணாடியில் கொடியும் பூவும் தெரிந்தன. முன்பெல்லாம் இதை அழகு என்று நினைத்திருந்தாள்.

ஈஜிபுரா மெயின் ரோட்டில் பிளைவுட் கடைகளில் விசாரித்துக்கொண்டே போனாள். நாலாவது கடையில் ஒருவர், மூலையில் கண்ணாடி வேலை செய்கிற பட்டறையைக் காட்டினார். அங்கே மோட்டார் சத்தத்தோடு ஒருவன் கண்ணாடிமேல் மணலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "யார் பேக்கம்மா?" என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டான். அவள் சொல்லச் சொல்லத் தமிழுக்கு மாறினான்.

"ஆசிட்டா? அத நாங்க தொடறதில்லம்மா. மிஷின்ல மணல் அடிச்சா முடிஞ்சிது."

"இந்த ஏரியாவுல ஆசிட் வேலை பண்றவங்க வேற யாரு? நாப்பது வயசு இருக்கும், ஒல்லியா இருப்பாரு."

"முனிரத்தினத்தைக் கேக்கறீங்களா? வீட்லயே பண்றாரு. பேருதான் அவருது, டிசைன் போடறதெல்லாம் அவர் சம்சாரம். அந்தம்மா கையில வர மாதிரி எங்க மிஷின்ல வராது." வெளியே வந்து கையை நீட்டினான். "ரேஷன் கடை சந்துல உள்ள போங்க. மாடிப்படிக்குக் கீழ நீலக் கதவு."

ரேஷன் கடைக்கு இரண்டு பக்கமும் சந்து இருந்தது. முதலில் நுழைந்தது தவறான சந்து. அங்கே மாடிப்படி எல்லா வீட்டிலும் இருந்தது, நீலக் கதவு எந்த வீட்டிலும் இல்லை. திரும்பி ஏறக்குறைய ஓடினாள்.

இரண்டாவது சந்தில் நீலக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் விட்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்த்த பெரிய கண்ணாடியில் ஓர் அன்னம் முழுதாகவும் இன்னொன்று கழுத்துவரையும் இருந்தன. கொடிக்கயிற்றில் வெள்ளை உறைகள் ஏழெட்டு, கழுவிக் காயப்போட்டபடி தொங்கின.

"முனிரத்தினம் வீடுங்களா?"

"அவரு கண்ணாடி எறக்கப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"வெள்ளிக்கெழம கிளவுஸ் வாங்கினாரே, அந்தக் கடையிலேர்ந்து வரேன். உங்க கையில என்னாச்சு?"

"நகச்சுத்துக்கா. நேத்து சாயந்திரத்துலேர்ந்து." அவள் பெயர் வள்ளியம்மா. கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சொருகியிருந்தாள். "வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல. உள்ள எலும்புல ஊசிய விட்டுத் திருகற மாதிரி இருக்குது. ராத்திரி பூரா ஒக்காந்தே இருந்தேன். அவருகிட்ட சொல்லல. நாளைக்கு இந்தக் கண்ணாடி போயாகணும்."

வேதநாயகி எலுமிச்சம்பழத்தை உருவினாள். விரல் நுனி ஊறிப்போனதுபோல் வெளுத்திருந்தது. நகத்துக்குக் கீழே மட்டும் சாம்பல் நிறம். நடுவிரல் நுனியிலும் லேசாக வெளுப்பு.

"கிளவுஸ் போட்டுத்தான் பண்ணீங்களா?"

"ஐயோ, அதப் போடாம தொடறதே இல்ல. ரொம்ப நல்லா இருக்குதுக்கா, கை மாதிரியே இருக்குது. நுனியில கிழிஞ்சா மேல இன்னொண்ணு மாட்டிக்குவேன். வீணாக்கறது இல்ல."

வேதநாயகி உள்ளே எட்டிப் பார்த்தாள். பெயரில்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்று ஓரமாக இருந்தது. "அந்த ஆசிட்ட ஏன் பிளாஸ்டிக்ல வெச்சிருக்கீங்க?"

"கண்ணாடி பாட்டில்ல ஊத்தினா பாட்டிலே போயிடுமே."

அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. "இது நகச்சுத்து இல்லம்மா. ஆசிட் உள்ள போயிருக்குது. கெளம்புங்க" என்றாள். வள்ளியம்மா தயங்கினாள். கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். வேதநாயகி குழாயடிக்கு அவளை இழுத்துப்போய், குடம் வைத்திருந்த பெண்களை விலகச் சொல்லி, ஓடுகிற தண்ணீரில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷமா, இருபது நிமிஷமா தெரியவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோ கூட்டிவந்தாள். முனிரத்தினம் வந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லும்படி அவளிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆட்டோவில் வள்ளியம்மா பேசிக்கொண்டே வந்தாள். வலியை மறப்பதற்காகப் பேசினாள். கிருஷ்ணகிரியில் பிறந்தது, கோலம் போடுவதைப் பார்த்துத்தான் இவர் பெண் கேட்டது, இந்த வேலையை அவள் கையில் கொடுத்தது எல்லாம் சொன்னாள். "நீங்க இவ்ளோ தூரம் தேடினு வந்தீங்க பாருங்க. எந்தக் கடைக்காரங்க வருவாங்க?" என்றாள். வேதநாயகி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னம்மா இருக்கு? களிம்பு எழுதறேன், போடுங்க."

வேதநாயகி துண்டுச் சீட்டை அவர் முன்னால் வைத்தாள். "இந்த ஆசிட் சார். கண்ணாடிய அரிக்கிறது. கால்சியம் போடணும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"கிளவுஸ் கம்பெனிக்காரரு."

அவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிவரும்போது கூடவே ஒரு பெரிய டாக்டரம்மா வந்தார், வேகமாக. வள்ளியம்மாவின் விரலை ஒரு தரம்தான் பார்த்தார். அதற்குப்பின் யாரும் மெதுவாக நடக்கவில்லை.

ஊசியை விரல் நுனியைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். உள்ளேயிருந்து வந்த குரலை வேதநாயகியால் கேட்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாய்வரை போனாள், குடிக்காமல் திரும்பினாள். மணி ஐந்தேகால். கைப்பையில் கறுப்பு உறைகள் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்துக் கொடுக்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

முனிரத்தினம் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "பக்கத்து வீட்ல சொன்னாங்கம்மா. நீங்க வரலன்னா அவ வாயே தொறந்திருக்க மாட்டா."

அப்போது டாக்டரம்மா வெளியே வந்தார். நகத்தை எடுத்தாக வேண்டும், நல்லவேளையாக எலும்பு தப்பிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் விரலையே எடுத்திருப்போம் என்றார். பிறகு முனிரத்தினத்தைப் பார்த்தார்.

"கைக்கு ஒண்ணும் போடாமலா இந்த ஆசிட்ட தொட விட்டீங்க?"

"போட்டிருந்தா டாக்டர். நான்தான் வாங்கினு வந்தேன்." பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்துக் காட்டினார்.

"இதையா? இது நாங்க ரத்தம் படாம இருக்கப் போடறது. ஆசிட்டுக்கு இத வாங்கினு வருவாங்களா? கொஞ்சமாவது யோசிக்க வேணாம்?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். படிக்காத ஆள் செய்த தவறு என்று அவரே ஒப்புக்கொண்டது போல நின்றார். அப்படியே விட்டிருந்தால் அந்த நிமிஷம் கடந்திருக்கும். ஆம்ப்ரோஸ் சொன்னதெல்லாம் வேதநாயகியின் காதில் இருந்தது.

"அவர் மேல தப்பில்ல டாக்டர்" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அவர் தடியானதத்தான் மொதல்ல எடுத்தாரு. நான்தான் அத வாங்கி வெச்சிட்டு இதக் குடுத்தேன். டாக்டருங்க போடறதுன்னு சொல்லிக் குடுத்தேன். எனக்குத் தெரியல. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சிது."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முனிரத்தினம் கையிலிருந்த உறையைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன்பின் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கறுப்பு உறைகளை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவற்றைப் பெஞ்சில் வைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு இருட்டுவதற்குள் கடைக்கு வந்தாள். ஆம்ப்ரோஸிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் வெகுநேரம் கல்லாவின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வெரல் இருக்குதா?"

"இருக்குது சார்."

"சரி. கட்டுப் பிரிக்கற வரைக்கும் வாரத்துக்கு ஒருதரம் போய்ப் பாத்துட்டு வா." அவ்வளவுதான் சொன்னார்.

அவள் போனாள். வள்ளியம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கணவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். நகம் போன இடத்தில் தோல் வர இரண்டு மாதம் ஆனது. விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. பிரஷ்ஷை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்ற அன்னத்தை மணல் மிஷின்காரன் முடித்துக் கொடுத்தான் என்றாள். கழுத்து கோணலாக வந்துவிட்டதாம்.

வேதநாயகிக்கு அதோடு முடியவில்லை. ஆறு வருஷத்தில் யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று பஸ்ஸில், சமையலறையில், ஜெபம் சொல்லும்போதுகூட யோசனை ஓடியது. பேட்டரிக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. தாளைப் பார்த்தாள், பச்சை. பெயின்ட் தின்னரில் கை விடுகிற சிவாஜி நகர்க்காரர் சிவப்பு. அவரைத் தெரியும், போய்ச் சொன்னாள். டிரில்லிங் மிஷின் ஓட்டுகிற ஒருவருக்குத் தளர்வான பருத்தி உறை கொடுத்திருக்கிறாள். சுற்றுகிற மிஷின் அதைப் பிடித்து இழுத்தால் கையும் கூடப் போகும் என்று ஹரிஷ்குமார் பிறகுதான் சொன்னான். அந்த ஆள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு சிவப்புச் சட்டை மட்டும் நினைவில் இருந்தது. தெருவில் சிவப்புச் சட்டையைப் பார்த்தால் கையைப் பார்த்தாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் எதிர்க்கடையிலிருந்து முனிரத்தினம் இறங்கிவருவதைக் கண்டாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அவளுடைய கடையைத் தாண்டித்தான் அங்கே போயிருக்கிறார். வேதநாயகி கவுன்டரில் நின்றவரை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டோக்களுக்கு நடுவில் தெருவைக் கடந்தாள்.

"என்ன குடுத்தாங்க?"

அவர் நின்றார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது. "எதுக்கு?"

"பாத்துட்டுக் குடுத்துடறேன்."

அவர் நீட்டவில்லை, ஆனால் அவள் வாங்கியபோது விடவும் செய்தார். பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்புதான், தடித்ததுதான், சின்ன அளவுதான். ஓரத்தில் அச்சிட்டிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சரியாக இருந்தது. கைக்குள் விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது.

"வகை சரி. நீளம் பத்தாது. கேன்லேர்ந்து ஊத்தும்போது வழிஞ்சா உள்ள போயிடும். முழங்கை வரைக்கும் வரது கேளுங்க. அவங்ககிட்ட இருக்குது, மேல தட்டுல."

அவர் அந்த உறையையும் அவளையும் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மறுபடி எதிர்க்கடைக்குள் போனார். தன் கடை வாசலில் ஆம்ப்ரோஸ் எழுந்து நின்று தேடுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் போகவில்லை. நடைபாதை ஓரத்தில், வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். அவள் பக்கம் வரவில்லை. படியில் நின்றபடியே பொட்டலத்திலிருந்து ஒரு நீள உறையை உருவித் தன் கையோடு சேர்த்துப் பிடித்து, முழங்கைவரை வருகிறதா என்று காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கமாக நடந்தார்.

வேதநாயகி கடைக்குள் திரும்பினாள். கவுன்டரில் விட்டுவந்தவர் இன்னும் நின்றிருந்தார், கையில் ஒரு ஜோடி தோல் உறை.

"என்ன வேலைக்குங்க?" என்று கேட்டாள்.

"வேலைக்குத்தான்" என்றார் அவர்.

"என்ன வேலைன்னு சொல்லுங்க" என்று நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.